அலமாரிக்குப் பின்னால்

லுப்லியானாவில் மூடுபனி விலகாத நவம்பர் காலை.
ஆற்றோரக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
நான் தச்சன். பெயர் யெர்னேய்.
சொற்களோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை.
அலமாரியை நகர்த்த வேண்டும், பின்சுவரில் ஈரம்,
அவ்வளவுதான் சொன்னது.

நூற்றிருபது இழுப்பறைகள், ஓக் மரம்,
உள்ளே முழுக்க அட்டைகள்.
"ஒன்றும் கலையக் கூடாது" என்றாள் நேஜா லிபோவ்ஷெக்,
கம்பளிச் சட்டை முழங்கையில் தையல் விட்ட முனைவர்.
"எல்லாம் வினைச்சொற்கள்."
வினைச்சொற்கள் கனக்கும்.
என் இடுப்பைக் கேளுங்கள்.

சில அட்டைகளில் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்.
"விலை அதிகமோ?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"யாரும் எழுதிவைக்காத சொல் என்று பொருள்.
பேசியவர்கள் போய்ச் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு.
கொள்ளுப்பேரர்களின் மூக்கை வைத்து
அவர்கள் முகத்தை வரைகிறோம்."
"மூக்கு தப்பாகிவிட்டால்?"
"நட்சத்திரம் அதற்குத்தான்."

தம் பிடித்துத் தள்ளினேன்.
சினைப்பசு மாதிரி முனகி நாலு விரற்கடை நகர்ந்தது அலமாரி.
பின்னால்,
தூசி,
பல் போன சீப்பு,
இல்லாமல் போன நாட்டின் ஒரு தினார்,
சுவரோடு சுவராக ஒட்டி, ஓரத்தில் பூஞ்சை பூத்து
ஓர் அட்டை.

எடுத்துக் கொடுத்தேன்.
பார்த்துக்கொண்டே
நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தாள்.

*ஜாபித்தி.
மறத்தல்.

தரையிலிருந்தபடியே பேசினாள், என்னிடம் இல்லை, அட்டையிடம்:
பித்தி என்றால் இரு.
அதற்கும் முன்னால் முளை, வளர், ஆகு.
அந்த வேர்தான் கிரேக்கத்தில் இயற்கை ஆயிற்று,
சமஸ்கிருதத்தில் பூமி, பூதம்,
ஆங்கிலேயன் உதட்டில் 'பி' என்று ஒரு முணுக்.
ஜா என்றால் பின்னால், அப்பால்.
அப்பால் போய் இருப்பது.
மறைவில் இருக்கிறது, ஆகவே மறந்தது.
"அழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை" என்றாள்.
"மறத்தலின் வயிற்றில் இருத்தல் இருக்கிறது.
நம் வாயிலும் அதே சொல்தான்,
முன்னால் ஒரு 'பொ' ஒட்டிக்கொண்டது."

தினமும் சொல்கிறேன் நான். பொஜாபிவ் செம், மறந்துவிட்டேன்.
சாவியை, சன்னலின் அளவை,
மகளைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போகும் நாளை.
அந்தச் சொல்லுக்கு
ஒரு முதுகுப்புறம் உண்டென்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பதினோரு வருடமாக அவள் நம்பியது வேறு.
அட்டையைத் தூக்கிக்கொண்டு போனது கொராஸ்த் என்று.
எதிர் மேசைக்காரர்.
கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறாள்.
மாதம் முடியுமுன் மேசையைக் காலி செய்து
மாரிபோருக்குப் போய்விட்டார் அவர்.

எண்ணைத் தேடாமலே அழுத்தினாள்.
கை நடுங்கியதால் போனைத் தரையில் வைத்தாள்,
ஸ்பீக்கரில்.
"கொராஸ்த், அட்டை கிடைத்துவிட்டது."
"எந்த அட்டை?"
"மறத்தல்."
அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர், கழுவப்படும் ஒரு தட்டு.
"எனக்கு ஒன்றும் நினைவில்லையே, நேஜா.
இங்கே வாடகை குறைவு என்றுதானே வந்தேன்?"

பொய்யா மெய்யா,
மரமாக இருந்தால் விரலால் தட்டிச் சொல்லிவிடுவேன்.
அவள் அந்த தினாரை எடுத்து
அட்டையின் சுருண்ட மூலைமேல் பாரம் வைத்தாள்.
வெகுநேரம் யாரும் போனை வைக்கவில்லை.
தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழுவப்பட்டன.

ஈரத்துக்குக் காற்று வேண்டும்.
சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே
இரண்டு விரல் இடம் விட்டேன்.
"மறுபடி ஏதாவது விழுமே" என்றாள்.
"விழும்" என்றேன்.

பாலத்தின் பாதியில்தான் உறைத்தது,
ரசமட்டம் அங்கேயே, அலமாரிக்குப் பின்னால்.
திரும்பி நின்றேன்.
மூடுபனியில் கட்டடம் தெரியவில்லை.
இருந்தது.

இருக்கட்டும்.